ஒற்றைச் செருப்புகள் நடந்த புதன்கிழமை

ஒரு புதன்கிழமை காலை ஆம்பூரின் ஒற்றைச் செருப்புகளெல்லாம் தத்தம் ஜோடியைத் தேடி நடக்கத் தொடங்கின. அன்று கோழிக்கறி விலை சற்று இறங்கியிருந்தது. பஸ் நிலையத்திலும் மசூதி வாசலிலும் மக்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

காரணம், பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் நடத்தும் இவாஞ்சலின். அவள் வீட்டில் ஆஸிலேட்டர் என்ற, மின்னலை எழுப்பும் பெட்டியொன்றைச் செய்துகொண்டிருந்தாள். ஒரே குமிழைத் திருப்பினால் அதிர்வெண் ஏறி இறங்க வேண்டும். சைன் அலை நடுவில் சாகக்கூடாது. குமிழுக்குள் சேர்ந்தே சுழலும் இரண்டு மின்தடைகள் ஒன்றுக்கொன்று துளி பிசகினாலும் அலை அணைந்துவிடும். மூன்று மாதமாக அணைந்துகொண்டேயிருந்தது. கணவன் ஜெஃப்ரி ஷூ கம்பெனியில் இடது வலது பார்த்து ஜோடி சேர்ப்பவன். "அந்தப் பொட்டியயே கட்டிக்கினு இரு" என்று சொல்லிவிட்டு வேலூர் சத்துவாச்சாரிக்கு, அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டான். கோபத்தில் ஒரு காலில் தன் செருப்பையும் மறுகாலில் கீழ்வீட்டு சமீருல்லாவின் செருப்பையும் மாட்டிக்கொண்டு போனான். மீந்த இரண்டும் மாடிப்படியின் அடியில் கிடந்தன.

அந்தப் புதன்கிழமை காலை புது மின்தடைகளைப் பொருத்தி, அலை மிஞ்சாமல் அடக்க கிறிஸ்துமஸ் ஸ்டாரின் சின்ன பல்பையும் சேர்த்தாள். அலையைக் காட்டும் திரையில் அது எழுந்து நின்றது. போன் அடித்தது. ஜெஃப்ரி.

"ஏய், இன்னா பண்ணி வெச்ச? காலு தானா நடக்குது!"

"செருப்ப கழட்டிட வேண்டியதுதானே."



"கழட்டலாம்... வர்றேன், இரு."

செருப்பு நடக்கும் அந்த வேகத்தில் அவன் வந்து சேர மறுநாளாகிவிடும். குமிழைத் திருப்பி அதிர்வெண்ணை ஏற்றினால்தான் நடை வேகமாகும். திருப்பும்போதுதான் அலை எப்போதும் செத்தது. செத்தால் அவன் நடுவழியில் நின்றுவிடுவான், யோசிப்பான், திரும்பியும் போவான். மூச்சைப் பிடித்துக்கொண்டு திருப்பினாள். பல்பு மினுங்கியது. அலைகள் நெருங்கின, உயரம் குறையவில்லை. இன்னும் திருப்பினாள்.

"மெதுவாடி! பள்ளிகொண்டா டோல்கேட்ல லாரிய முந்திட்டேன்!"

"அவன் வராட்டியும் என் செருப்பு வந்தா போதும்மா" என்றார் படியடியில் காத்திருந்த சமீருல்லா.

மதியத்துக்குள் ஜெஃப்ரி வந்து, மூச்சிரைக்க நின்றான். செருப்புகள் ஜோடியோடு ஒட்டிக்கொண்டன. இவாஞ்சலின் மேலேயிருந்து பெட்டியை அணைத்தாள்.

"ஆஃப் பண்ணிட்டேன். போறதுன்னா போலாம்."

அவன் இரண்டு செருப்பையும் அங்கேயே விட்டுவிட்டு, வெறுங்காலோடு படியேறினான். சமீருல்லா குதிகால் தேய்ந்ததற்கு முணுமுணுத்தபடி தன்னுடையதை எடுத்துக்கொண்டார்.

இப்போதெல்லாம் வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும், ஞாயிறு ஆராதனை முடிந்ததும் இவாஞ்சலின் குமிழைக் கொஞ்சம் திருப்பிவிடுகிறாள். ஆம்பூரில் யாரும் செருப்பைத் தேடுவதில்லை.