ஒடுக்குக்கு மட்டும் நான்கு கை

சின்னுசாமி டிராக்டரைவிட்டு இறங்கியபோது அவர் கையில் ஒரு பெயிண்ட் டின் இருந்தது. அதைப் பார்த்ததுமே இது வண்டிக்கு ஆகாது என்று செல்லமுத்துவுக்குத் தெரிந்துவிட்டது.

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் பதினோரு வருஷமாகப் பெயிண்ட் அடிப்பவன் அவன். மூடியைத் திறக்காமலே எந்த டின் எதற்கு ஆகும், எதற்கு ஆகாது என்று சொல்லிவிடுவான். இது ஜன்னலுக்கும் கதவுக்கும் அடிக்கிற பெயிண்ட். சின்னுசாமி சேலம் செவ்வாய்ப்பேட்டை வரை பஸ் ஏறிப் போய், டிராக்டர் பானெட்டிலிருந்து உரிந்த பெயிண்ட் சில்லை ஒவ்வொரு சிவப்போடும் ஒத்துப் பார்த்து வாங்கி வந்திருக்கிறார். இதே பெயிண்ட்தான் அவர் வீட்டு ஜன்னலில் ஆறு வருஷ வெயிலைத் தாங்கி நிற்கிறதாம். ஜன்னலில் நிற்பது டிராக்டரில் நிற்காதா என்றார். உங்கள் ஜன்னல் என்றைக்கு டீசல் குடித்தது, என்றைக்கு உழுதது என்று வேறு யாரிடமாக இருந்தாலும் கேட்டிருப்பான். இவரிடம் அப்படிக் கேட்க முடியாது.

காரணம் இருந்தது. இருவருக்கும் நாமகிரிப்பேட்டைக்கு அந்தப் பக்கம் ஒரே ஊர். எழுபத்தேழு ஐப்பசி மழையில் ஓடையில் வெள்ளம் வந்து பஸ் நின்றுபோன அன்று, விடியும்போதே செல்லமுத்துவின் மனைவி குஞ்சம்மாளுக்கு வலி கண்டுவிட்டது. சின்னுசாமி யாரும் கூப்பிடாமலே டிராக்டரை எடுத்து வந்தார். டிரெய்லரில் வைக்கோலைப் பரப்பி அவளைப் படுக்கவைத்து, வெள்ளத்தில் இறக்கினார். அடித்து வந்த மரம் ஒன்று மட்கார்டில் மோதி ஒடுக்கு விழுந்தது. வண்டி நிற்கவில்லை. ராசிபுரம் ஆஸ்பத்திரியில் தாயும் பிழைத்தாள், மகளும் பிழைத்தாள்.

ஏழு வருஷமாக அந்த மனிதர் ஒரு வாய் காபியைத் தவிர அவனிடம் எதுவும் வாங்கிக்கொண்டதில்லை. இப்போது அந்த வண்டியே அவன் கைக்கு வந்திருக்கிறது. ஒரே வருஷத்தில் உரிந்துபோகிற பெயிண்டை இதன் மேல் எப்படி அடிப்பான்? நல்ல பெயிண்டைத் தன் செலவிலேயே போட்டு அடிப்பதாகச் சொல்லிப் பார்த்தான். அடுத்தவன் பெயிண்டில் தன் வண்டி ஓடாது என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார் சின்னுசாமி.

செல்லமுத்து மல்லுக்கட்டவில்லை. இரண்டு தகரத்துண்டுகளை எடுத்தான். ஒன்றில் அவர் பெயிண்டையும், மற்றதில் லாரிக்கு அடிக்கிற பெயிண்டையும் அடித்து மூன்று நாள் காயவிட்டான். நான்காம் நாள் அவர் வந்ததும் இரண்டையும் ஓடுகிற இன்ஜின் மேல் அரைமணி நேரம் வைத்தான். பிறகு டீசலில் நனைத்த வெள்ளைத் துணியை அவர் கையிலேயே கொடுத்தான். லாரி பெயிண்டை அவர் எவ்வளவு தேய்த்தும் துணியில் ஒன்றும் ஒட்டவில்லை. தன்னுடையதைத் தேய்த்தபோது துணி சிவந்துவிட்டது. துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உன்ற பெயிண்டையே அடி. ஆனா என்ற டின்ன நீ எடுத்துக்கோணும். உங்கூட்டு சன்னலுக்கு ஆவும்," என்றார்.

செல்லமுத்துவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. துருவைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்து, மேடு பள்ளமெல்லாம் பட்டி வைத்து நிரவினான். கடைசியாக மட்கார்டுக்கு வந்தான். தங்களால் பட்ட காயம், இருந்த இடம் தெரியக் கூடாது என்று அதற்கென்றே புதிதாகப் பட்டி குழைத்தான். பக்கத்தில் நின்று வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த சின்னுசாமி அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அது இருக்கட்டுஞ் சாமி."

"அசிங்கமாத் தெரியுமுங்ணா."

"தெரியட்டும். அன்னைக்குத் தண்ணிக்குள்ள இன்ஜின் நின்னு போயிருந்தா நான் உன்ற மூஞ்சில எப்படி முழிச்சிருப்பேன்? நிக்காமக் கொண்டாந்து சேத்துச்சு. தெனமும் அந்த ஒடுக்கத் தொட்டுக் கும்புட்டுட்டுத்தான் வண்டில ஏர்றேன்."

நன்றி சொல்ல வேண்டியவன் தான் மட்டும்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்த செல்லமுத்துவுக்குக் கண் நிறைந்துவிட்டது. குழைத்த பட்டியை வழித்து ஓரமாக வைத்தான். வண்டி முழுக்க இரண்டு கை பெயிண்ட் அடித்தவன், அந்த ஒடுக்குக்கு மட்டும் நான்கு கை அடித்தான்.