வெர்ஜீனியாக்காரரும் பெரியப்பாவும்

உலக்கை உரலில் விழுந்துகொண்டிருக்கும்போதே சிவானியின் பெரியப்பா சபாநாதன் அட்சயாவின் கையிலிருந்த நெய்ப்பந்தத்தைப் பிடுங்கினார். சுடுநெய் பிள்ளையின் மணிக்கட்டில் வழிந்தது. ஒன்பது வயதுப் பிள்ளை, கத்தவில்லை. பெட்டிக்குள் பட்டு வேட்டியோடு கிடந்த அம்மப்பாவைப் பார்த்தாள். பிறகு உலக்கையோடு நின்ற தாய் சிவானியைப் பார்த்தாள்.

குருக்கள் பதிகத்தை நிறுத்தவில்லை. மார்க்கம் நகரில் அந்தச் சாவுச்சடங்கு மண்டபத்தை மணிக்கணக்குப் பார்த்துத்தான் தருவார்கள். அடுத்த பிணத்தின் ஆட்கள் வந்து வாசலில் பூட்ஸில் ஒட்டிய பனியைத் தட்டிக்கொண்டு நின்றார்கள்.

சிவானி, உடலுக்குச் சாத்தும் சுண்ணம் இடிப்பதை நிறுத்தினாள். அவள் ஒரே பிள்ளை. ஆண்பிள்ளை இல்லாத வீடு என்று குருக்கள் தான் காரில் கொண்டுவந்த கட்டை உலக்கையை அவளிடமே கொடுத்திருந்தார். அப்பா இரத்தினவேல் வாசலில் பனி வழித்துக்கொண்டிருந்தபோது விழுந்தவர், எழும்பவில்லை. பெட்டியைச் சுற்றிப் பேரப்பிள்ளைகள் பந்தம் பிடிக்கவேண்டும். அவருக்கு இருந்த ஒரே பேரப்பிள்ளை அட்சயா.

“என்ன செய்யிறியள் பெரியப்பா?”

“கோவிக்காதை பிள்ளை. தகப்பன் எந்த ஆக்களோ பிள்ளையும் அந்த ஆக்கள். உவ பிடிக்கேலாது. என்ர பேத்தி பிடிக்கட்டும்.”

தகப்பன், அதாவது சிவானியின் கணவன் பிரியந்தன், பிள்ளையின் மணிக்கட்டைக் கைலேஞ்சியால் துடைத்துக்கொண்டிருந்தான். ஒரு காலத்தில் ஊரில் அவனுடைய முன்னோர் இவர்களுடைய முன்னோருக்கு அடிமைகளாக இருந்தார்கள். காணி கைமாறும்போது கிணறும் பனையும் ஆட்களும் சேர்ந்தே கைமாறின. வெள்ளைக்காரன் 1844இல் சட்டம் போட்டு அதை நிறுத்தினான். நிறுத்தி என்ன? இவர்கள் வீட்டில் சாவு விழுந்தால் பாடை தூக்க அவர்கள்தான் வரவேண்டியிருந்தது. பிரியந்தன் இப்போது பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுஸுக்கு மனேஜர். ஆனாலும் ஸ்காபரோவில் சாதி அறிய எந்த ஊர், எந்தக் கோயிலடி என்ற இரண்டு கேள்வி போதும். மூன்றாவது கேள்வி கேட்பவன் நாகரிகம் தெரியாதவன்.

சிவானி பள்ளிக்கூடத்தில் அமெரிக்க வரலாறு படிப்பிக்கிறாள். அந்தப் பாடத்தில் அவளுக்கு ஆசை வந்ததே அப்பாவால்தான். பதினோராம் வகுப்பில் அடிமைக் கப்பல் ஒன்று செய்து கொண்டுபோகவேண்டியிருந்தது. இரத்தினவேல் பாக்டரியிலிருந்து மட்டைப்பெட்டி கொண்டுவந்து வெட்டி, உள்ளே ஆட்களுக்குப் பதிலாகத் தீக்குச்சிகளை நெருக்கி அடுக்கி ஒட்டினார். திரும்பிப் படுக்கக்கூட இடமில்லையே என்று ஒட்டும்போதே புலம்பினார். சவுக்கடிப் புண்ணில் உப்பும் மிளகாயும் தேய்த்ததை அவள் வாசித்துக் காட்டியபோது கண்ணைத் துடைத்துக்கொண்டு, உவங்களும் மனிசரோ என்று கேட்டார்.

அதே மனிதர்தான் பிரியந்தனின் பெயரைக் கேட்ட அன்று பெல்ட்டைக் கழற்றினார். பக்கிள் பட்டு அவளுடைய முன்பல் உடைந்தது. தாய் ரதி அடுப்படியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். வெட்டும் சத்தம் நிற்கவேயில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு வெக்ஸ்போர்டில் இருந்த அவர்களுடைய அப்பார்ட்மென்டுக்கு இரத்தினவேல் வந்துபோனார். வரும்போதே கையில் டிம் ஹோர்ட்டன்ஸ் கோப்பி இருக்கும். கோப்பி முடிந்தால் எழும்பிவிடுவார். அந்த வீட்டுத் தண்ணீர் சாகும்வரை அவர் தொண்டையில் இறங்கவில்லை. ஆனால் அட்சயாவை மடியில் வைத்திருப்பார், தலை கோதிவிடுவார். அதை நம்பித்தான் சிவானி இன்றைக்கு வந்திருந்தாள். ஊர்ச்சனம் பார்க்க என் பிள்ளை பந்தம் பிடித்துவிட்டால் அவள் இந்த வீட்டுப் பேத்தி. அதற்குப் பிறகு ஒருவரும் அதை அழிக்க முடியாது. உயிரோடு இருந்த அப்பாவிடம் கேட்கப் பயந்ததை அவள் செத்த அப்பாவிடம் வாங்க நினைத்தாள்.

இரத்தினவேலின் தமையன் சபாநாதனும் அப்படியொன்றும் பொல்லாத மனிதர் அல்ல. சபையில் ஒருவர் முகம் வாடினால் பொறுக்கமாட்டார். அதனால் பிரியந்தனின் தோளில் கை போட்டுச் சமாதானம் பேசினார்.

“தம்பி, குறை நினையாதையும். பெட்டி தூக்கேக்க நீர் முன்னுக்குப் பிடியும். பரம்பரையா உங்கட ஆக்கள்தானே எங்களைத் தூக்கினது.”

கௌரவம் ஒன்றைக் கொடுத்துவிட்டதாகவே அவர் உண்மையில் நினைத்தார். பிரியந்தன் அவருடைய கையைத் தோளிலிருந்து எடுத்து, ஒரு சாமானை இறக்கி வைப்பதுபோல் கீழே விட்டான்.

“வெர்ஜீனியாவில ஆயிரத்தி அறுநூற்றி அறுபத்திரண்டில ஒரு சட்டம் போட்டவங்கள் பெரியப்பா,” என்றாள் சிவானி. வகுப்பில் பேசும் அதே குரல். “பிள்ளை தாயின்ர வழி எண்டு. ஏன் தெரியுமோ? எசமான் அடிமைப் பெட்டையளைக் கெடுத்துப் பெத்த பிள்ளையளும் அடிமையாத்தான் இருக்கவேணும் எண்டு. நீங்கள் தகப்பன்ர வழி எண்டுறியள். எது வசதியோ அது.”

“செத்த வீட்டில வகுப்பெடுக்காதை. அண்டைக்கே கொப்பன் உன்னைச் சாகடிச்சிருக்கவேணும்.”

சொல்லிவிட்டு, வழியில் நின்ற அட்சயாவை ஒற்றைக் கையால் தள்ளினார். பிள்ளையின் தலை பெட்டியின் விளிம்பில் மோதியது.

உலக்கை அவருடைய முழங்கையில் இறங்கியது. பச்சை மட்டை முறிவதுபோல் ஒரு சத்தம் கேட்டது. பந்தம் தெறித்துப் போய் விழுந்தது. அவர் மலர்வளையங்களுக்குள் சாய்ந்தார், அவற்றைத் தாங்கிய கம்பிகள் அவர்மேல் சரிந்தன. சிவானி இரண்டாவது அடியைத் தோளில் போட்டாள். அடுத்தது காதோரம் உரசிச் சென்றது. வெள்ளைச் சால்வையில் இரத்தம் பரவியது. அவளுக்குச் சந்தோசமாக இருந்தது. பல் உடைந்த நாளிலிருந்து இப்படியொரு சந்தோசம் அவளுக்கு வந்ததில்லை. இன்னும் வேண்டும்போல் இருந்தது. பிரியந்தன் அவளுடைய பெயரைக் கூப்பிட்டான், அது எங்கோ தூரத்தில் கேட்டது. உலக்கையை மறுபடியும் தலைக்கு மேலே தூக்கியபோதுதான் அவன் பின்னாலிருந்து அவளை இறுக்கிப் பிடித்து அதைப் பறித்தான்.

மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் நடாஷா ஓடி வந்தாள். பொலிசைக் கூப்பிடட்டுமா என்று கேட்டாள். சபாநாதன் கீழே கிடந்தபடியே வேண்டாம் என்று தலையாட்டினார். குடும்ப விசயம் என்று அவருடைய மகன் ஆங்கிலத்தில் விளக்கப்படுத்தினான். குருக்கள் இப்போதுதான் பதிகத்தை நிறுத்தினார்.

காலையிலிருந்து கதிரையை விட்டு அசையாத ரதி எழும்பி வந்தாள். கம்பளம் கருகத் தொடங்கிய இடத்தைச் செருப்பால் தேய்த்தாள். இன்னும் எரிந்துகொண்டிருந்த பந்தத்தைக் குனிந்து எடுத்தாள்.

“அத்தான், நாப்பது வருசம் பெட்டிக்குள்ள கிடக்கிற உவர் என்னை அடிக்கேக்க நீங்கள் பாத்துக்கொண்டு இருந்தனியள். இண்டைக்கும் பாத்துக்கொண்டு இருங்கோ.”

சபாநாதனின் மகன் தன் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தான்.

“சிவானி, பிள்ளையைக் கூப்பிடு,” என்றாள் ரதி.

சிவானிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அம்மா அவள் பக்கம் நின்றதை வாழ்க்கையில் முதல்தரமாகக் காண்கிறாள். ஊர்ச்சனம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறது, தடுக்க ஒருவரும் இல்லை. கலைந்த தலையை ஒதுக்கிவிட்டு மகளை நோக்கிக் கையை நீட்டினாள்.

“அட்சு, வாங்கோ. அம்மப்பாவுக்குப் பந்தம் பிடிப்பம்.”

அட்சயா பிரியந்தனின் காலுக்குப் பின்னால் போய் நின்றாள். முதலில் நோ என்றாள். பிறகு அம்மம்மாவுக்கும் விளங்கட்டும் என்று தமிழில் சொன்னாள்.

“எனக்கு வேண்டாம். அம்மா அடிப்பா.”

சிவானி அவளை ஒருநாளும் அடித்ததில்லை. பிள்ளையின் கண் அவளுடைய முகத்தில் இல்லை, நீட்டியிருந்த கையில் இருந்தது.

ரதி பந்தத்தை நீட்டிப் பிடித்தபடி நின்றாள். நெய் அவளுடைய விரலில் இறங்கி, அங்கிருந்து கம்பளத்தில் சொட்டியது. சிவானி கையை மெல்ல மடக்கிச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டாள்.