சேமித்த குளிர்ச்சி

"குளிர்ச்சியைச் சேமித்து வைக்கத் தெரிந்தவை உலகத்தில் இரண்டே இரண்டு. ஒன்று மண்பானை. மற்றொன்று, முறையாகப் பழக்கிய மனித உடம்பு."

1965-ஆம் வருஷம் பங்குனி மாதத்தில், எங்கள் கல்லூரி விடுதியின் சாப்பாட்டறையில் பெருமாள்சாமி இந்த உண்மையை வெளியிட்டான். ரசம் குடித்துக்கொண்டிருந்த யாரும் குடிப்பதை நிறுத்தவில்லை. பெரிய கண்டுபிடிப்புகளுக்கு ஆரம்பத்தில் இப்படித்தான் வரவேற்பு இருக்கும் என்று அவனே எனக்கு ஆறுதல் சொன்னான்.

சித்திரை மாதம் திண்டுக்கல்லில் ஓட்டப்பந்தயம் நடக்க இருந்தது. மலைக்கோட்டை அடிவாரத்தில் புறப்பட்டு, ஆத்தூர் சாலையில் நாலாவது மைல்கல்லைத் தொட்டுத் திரும்ப வேண்டும். பெருமாள்சாமியின் அப்பா கண்ணுசாமி, ஒட்டன்சத்திரத்தில் காய்கறிக் கமிஷன் மண்டி வைத்திருந்தார். மகனுக்கோ மெட்ராஸுக்குப் போய் உடற்பயிற்சி ஆசிரியர் படிப்புப் படிக்க ஆசை. அப்பா சுருக்கமாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"பந்தயத்துல ஜெயிச்சீன்னா மெட்ராஸ் போ. தோத்தீன்னா மண்டிக்கு வந்து கத்திரிக்காய் ஏலம் போடோணும்."

பெருமாள்சாமிக்குக் கத்திரிக்காய் தின்றால் உடம்பெல்லாம் அரிக்கும். ஆகவே, பரீட்சை முடிந்த கையோடு சிறுமலைக்குப் போய், ஒரு மாதம் பனியில் ஓடிக் குளிர்ச்சியை உடம்பில் ஏற்றிக்கொள்வது என்று முடிவு செய்தான்.

பஸ் ஏறப் போகிற வழியில் முகமது பாரூக்கைப் பார்த்தோம். பாரூக் எங்கள் வகுப்புத்தான். அவன் வாப்பாவுக்குப் பேகம்பூரில் பிரியாணிக் கடை. உச்சி வெயிலில், ஊரே கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்த நேரத்தில், அவன் கறுப்புக் கம்பளி ஒன்றைப் போர்த்திக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தான். அவனும் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்திருந்தான்.

"ஏன்டா பாரூக்கு, பிரியாணிக்குத் தம் போடுவாங்க, தெரியும். ஆளுக்கே தம் போடறதை இப்பத்தான்டா பாக்கறேன்!" என்றான் பெருமாள்சாமி.

பாரூக் நின்று கம்பளியால் முகத்தைத் துடைத்தான். "மொத வாரம் செத்த நேரம் ஓடுனாலே தலை சுத்துச்சு மாப்ளே. இப்ப பழகிருச்சு. வேர்வை சட்டுனு வருது, முன்ன மாதிரி உப்புக் கரிக்கல."

"பந்தயம் காலையில ஆறு மணிக்குடா. உனக்கெதுக்கு உச்சி வெயிலு?"

"நம்ம ஊர்ல எந்த விழாடா சொன்ன நேரத்துக்கு ஆரம்பிச்சிருக்கு?"

பெருமாள்சாமி என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். விஞ்ஞானம் தெரியாதவனோடு என்ன பேசுவது?

பந்தயத்துக்கு முதல் நாள் அவன் மலையிலிருந்து இறங்கினான். மலைப்பழம் தின்று கன்னம் உப்பியிருந்தது. சேமிப்பு வீணாகக் கூடாது என்று காபியைத் தொடவில்லை. ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, எட்டூருக்கு ஒரே மாப்பிள்ளை மாதிரி நிழலிலேயே உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு ஓட்டக்காரர்கள் எல்லோரும் கோடு போட்ட இடத்தில் நின்றார்கள். விழாத் தலைவரைத்தான் காணவில்லை. வெயில் நன்றாக ஏறிய பிறகு வந்தார். காலந்தவறாமையின் அருமையைப் பற்றி விரிவாகப் பேசினார். அவருக்கு ஒன்பது மாலைகள் விழுந்தன. ஒவ்வொரு மாலைக்கும் அவர் தனித்தனியாக நன்றி சொன்னார். கொடி அசைந்தபோது மலைக்கோட்டையின் நிழல் பாறைக்கு அடியிலேயே சுருண்டு படுத்துவிட்டது.

பெருமாள்சாமி பாய்ந்தான். கண்டுபிடிப்புக்குச் சாட்சி வேண்டும் என்று அவன் கேட்டிருந்ததால், நான் சைக்கிளில் பின்னாலேயே போனேன். முதல் இரண்டு மைல் அவன்தான் முன்னால். பாரூக் நிதானமாக, கடைக்குத் தயிர் வாங்கப் போகிறவன்போல வந்துகொண்டிருந்தான்.

மூன்றாவது மைல்கல் அருகே பெருமாள்சாமியின் கால்கள் ஒன்றுக்கொன்று வழிவிட மறுத்தன. கையில் மயிர் குத்திட்டு நின்றது. அவன் முகத்தில் பேரானந்தம்.

"குளிருதுடா! பாத்தியா, சேமிச்சது வெளிய வருதுடா!"

சொல்லிவிட்டு அப்படியே சாலையோரம் சரிந்தான்.

புளியமர நிழலில் வெள்ளரிப் பிஞ்சு விற்றுக்கொண்டிருந்த ஜக்கம்மாள் ஓடி வந்து, பிஞ்சுக்குத் தெளிக்க வைத்திருந்த குடத்துத் தண்ணீரை அவன் மேல் கவிழ்த்தாள். "ஏலே அப்பு, என்னத்தத் தொலச்சேன்னு இம்புட்டு வெயில்ல ஓடுற?"

நானும் அவளும் அவனை நிழலுக்கு இழுத்துப் போட்டு விசிறினோம். அவன் கண்ணைத் திறந்தபோது, மைல்கல்லைத் தொட்டுத் திரும்பிய பாரூக் எங்களைக் கடந்துகொண்டிருந்தான். "புள்ளைக்கு உப்புப் போட்டு நீராகாரம் குடு மாப்ளே!" என்று கத்திவிட்டு ஓடினான். ஓடி ஜெயித்தான்.

சாயங்காலம் கண்ணுசாமி காலி லாரியோடு வந்தார். திட்டவில்லை. மகனை ஏற இறங்கப் பார்த்தார்.

"நாளைக்கு நாலு வண்டி கத்திரிக்காய் வருதுங்க தம்பி," என்று என்னிடம் சொன்னார். பிறகு, லாரியில் ஏறிக் குனிந்து உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து, "அடுத்த சித்திரைக்கும் பந்தயம் வைப்பாங்கல்ல? அதையும் பாத்துப்போடலாம். அதுவரைக்கும் மண்டிதான்," என்றார்.

அடுத்த பங்குனியில் ஒட்டன்சத்திரம் வழியாகப் போனபோது மண்டியில் நுழைந்தேன். சாப்பாட்டு வேளை. பெருமாள்சாமியைக் காணோம்.

"தெனமும் இந்நேரம் எங்கயோ போயிர்றானுங்க," என்றார் கண்ணுசாமி. "கேட்டா, சிறுமலையில இருந்த குளிர்ச்சியைப் பத்தி யோசிக்கப் போறானாமா."

லாரிகள் நிற்கிற பொட்டலுக்குப் போனேன். டிரைவர்கள் வண்டிக்கு அடியில் படுத்திருந்தார்கள். தெருநாய்கூடச் சக்கர நிழலை விட்டு வெளியே வரவில்லை. பொட்டலின் அந்தக் கோடியிலிருந்து கறுப்பாக ஒன்று புழுதி கிளப்பிக்கொண்டு வந்தது.

கம்பளி. அதற்குள் பெருமாள்சாமி. கையில் நீராகாரச் செம்பு.

என்னைக் கண்டதும் நின்றான். மூக்கு நுனியிலிருந்து வேர்வை சொட்டியது. நான் கம்பளியைப் பார்த்தேன். அவனும் அதை அப்போதுதான் கவனித்தவன்போலப் பார்த்தான்.

"செத்த குளிருதுடா," என்றான்.

செம்பிலிருந்து ஒரு மடக்குக் குடித்தான். கம்பளியைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு மறுபடியும் ஓடத் தொடங்கினான்.