கல்லூரி முற்றத்துக் கேமரா

ஜம்புநாதன் மாமா போன் செய்து, "கம்ப்யூட்டர்ல ஏதோ பூந்துண்டுடுத்து, கொஞ்சம் வந்து பாரேன் மீரா" என்றபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. சால்ட் லேக் ஆபீஸில் நாள் முழுக்க கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டிவிட்டு, மினிபஸ்ஸில் நசுங்கி பெஹாலா வந்து சேர்ந்தால், எங்கள் கட்டடத்தில் மேல் வீடு, கீழ் வீடு எல்லாருக்கும் நான் இலவச டாக்டர். ஆனாலும் அந்த வீட்டுக்கு மட்டும் முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அவர்களுடைய ஒரே பிள்ளை நரேன். அமெரிக்காவில் படிக்கப் போனவன், இந்த பிப்ரவரியில் பனியில் கார் சறுக்கிச் செத்துப் போனான். சின்ன வயதில் என் பின்னாலேயே சுற்றியவன். துர்கா பூஜை அப்போதுதான் முடிந்திருந்தது. பூஜை முடிந்ததும் வீட்டுக்கு வீடு கொடுக்கிற பிஜோயா இனிப்பு எல்லா வீட்டுக்கும் போனது. அந்த வீட்டு மணியை மட்டும் யாரும் அடிக்கவில்லை.

அந்தக் கம்ப்யூட்டரை வாங்கி வைத்துவிட்டுப் போனதே நரேன்தான். இன்டர்நெட்டைத் திறந்ததும் அவன் கல்லூரி முற்றத்தின் படம் வரும்படி செய்திருந்தான். அங்கே ஒரு கம்பத்தில் கேமரா. நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்துப் போடும். நமக்குச் சாயங்காலம் என்றால் அவர்களுக்குக் காலை. அவன் வகுப்புக்குப் போகிற நேரத்தில் அவன் அம்மா பட்டு மாமி விளக்கேற்றிவிட்டு வந்து உட்காருவாள். நீலக் கோட்டுப் போட்ட, பொட்டளவு உருவம் ஒன்று முற்றத்தைக் கடக்கும். முகம்கூடத் தெரியாது. "சாப்பிட்டுட்டுத்தான் போறான், நடையப் பாத்தாலே தெரியறது" என்பாள். அவன் போன பிறகும் மாமி உட்காருவதை நிறுத்தவில்லை.

இப்போது அந்தப் பக்கம் வரவில்லை. அதற்குப் பதில், சூதாட்ட விளம்பரங்களோடு பெயர் தெரியாத ஒரு தேடல் பக்கம். மாற்றி வைத்தால் மறுபடி அதுவே வந்து உட்காருகிறது. மூடினால் இன்னும் இரண்டு ஜன்னல் திறக்கிறது. இதை எழுதியவன் கையில் கிடைத்திருந்தால் இரண்டு அறை விட்டிருப்பேன்.

மாமி சமையலறையில் இருந்தாள். வேண்டாத புரோகிராம் எதுவும் தானாகக் கிளம்பாதபடி கம்ப்யூட்டரை சேஃப் மோடில் திறந்து, புதிதாக ஏறியிருந்த புரோகிராம்களைப் பார்த்தேன். ஒன்றல்ல, நாலைந்து. எல்லாம் ஒரே மத்தியானத்தில் ஏறியவை. ஒவ்வொன்றும் சம்மதம் கேட்டுவிட்டுத்தான் உள்ளே வரும் ரகம்.

அங்கேதான் எனக்கு உறுத்தியது. இன்டர்நெட்டைத் திறக்கும் அந்தச் சின்ன நீலப் படத்தை இரண்டு தட்டுத் தட்டுவதற்கு மேல் மாமிக்கு ஒன்றும் தெரியாது. மாமாவோ ரிடையர் ஆகும்வரை ஆடிட் ஆபீஸ். கல்யாணப் பத்திரிகை கொடுத்தால் பிழை திருத்தித் திருப்பிக் கொடுப்பார். ஃப்ளாட் அசோசியேஷன் மினிட்ஸில் ஒரு கமா இடம் மாறியிருந்தாலும் கையெழுத்துப் போடமாட்டார்.

"மாமா, இத்தனைக்கும் யெஸ் போட்டது நீங்களா?"

அவர் சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். "ஆமாம்மா."

"படிச்சுப் பாக்காமயா?"

"படிச்சுப் பாத்துட்டுத்தான் போட்டேன். மொதப் பக்கத்த மாத்திடுவோம்னு அதுலயே எழுதியிருந்தது." குரல் இறங்கியது. "அந்தப் பக்கத்த நானே எடுத்திருக்கலாம். கை வரல. தினம் அங்க போற ஒவ்வொரு பையனையும் நடைய வெச்சுப் பாத்துண்டிருக்கா. என்னால தாங்க முடியல. வேற எவனாவது வந்து எடுத்துண்டு போகட்டும்னு விட்டேன். இனிமே அது வராதுன்னு நீ சொல்லிடேன். நீ சொன்னா நம்புவா."

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. "மாமிகிட்ட என்னால பொய் சொல்ல முடியாது மாமா" என்றேன்.

புகுந்ததை எல்லாம் ஒவ்வொன்றாக நீக்கினேன். கம்ப்யூட்டர் கிளம்பும்போதே தானும் கிளம்பி, மாற்றியதைத் திரும்ப மாற்றிக்கொண்டிருந்த ஒன்று ஒளிந்திருந்தது. அதையும் பிடித்து அழித்தேன். கல்லூரியின் முகவரி பழைய பதிவுகளில் கிடைத்தது. அதை முதல் பக்கமாக வைத்தேன். போன் லைன் கீச்சிட்டு இணைந்தது. மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் படம் இறங்கியது. வானம், மரங்கள், ஈரமான கல்தரை, பையோடு விரைகிற பிள்ளைகள்.

மாமி வந்து நின்றாள். எவ்வளவு நேரமாகக் கதவருகே இருந்தாளோ தெரியாது. படத்தைப் பார்த்தாள். உட்காரவில்லை.

"இத எடுக்கறது எப்படின்னு சொல்லிக்குடு."

"வேண்டாம் மாமி, இருக்கட்டும்."

"அவருக்குக் கை வரலையாம். நான் பெத்தவ. நானே எடுக்கறேன்."

எங்கே அழுத்த வேண்டும் என்று காட்டினேன். மவுஸ் வழுக்கிக்கொண்டு போனதால் அவள் கைமேல் என் கையை வைத்து நகர்த்தினேன். அழுத்தியது அவள்தான். திரை வெள்ளையாகிவிட்டது.

"ஏன்னா, எடுத்துட்டேன். இனிமேலாவது தூங்குங்கோ" என்றாள்.

டம்டம் விமான நிலையத்தில் பிள்ளையைக் கையெழுத்துப் போட்டு வாங்கியபோதும், மயானத்திலும் மாமா அழவில்லை. கல் மாதிரி மனுஷன் என்று கட்டடமே பேசியது. அவர் இப்போது அந்த வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வாய் கோணிக்கொண்டு போயிற்று.

"மீரா, ஒரே ஒரு தரம் போடும்மா. அவன் இருந்தப்போ நான் ஒரு நாள்கூட உக்காந்து பாத்ததில்ல. அவதான் பாக்கறாளேன்னு பேப்பர் படிச்சுண்டிருந்தேன்."

மாமி நாற்காலியை அவருக்கு இழுத்துப் போட்டாள். நான் முகவரியை அடித்தேன். படம் மெதுவாக இறங்கி முடிந்தது. அதற்குள் அங்கே வகுப்பு தொடங்கிவிட்டது போல. முற்றத்தில் ஒருத்தரும் இல்லை.