மாதிரிப் பட்டியலின் நான்காவது வரி

அலுவலகத்தில் அவளுக்குப் பூனை என்று பெயர். வருவதும் தெரியாது, போவதும் தெரியாது என்பதால் மென்பொருளைச் சோதித்துப் பார்க்கிறவர் வைத்தது. பதிலுக்கு அவளும் அவருக்குச் சந்தேகம் என்று பெயர் வைத்திருந்தாள். இரண்டு வருடமாகியும் அதை வெளியே சொன்னதில்லை.

டயர் கடைக்கு மேலே ஒரு நீள அறை. முதலாளியம்மாவையும் சேர்த்து மூன்று பேர். பார்சல் கடைகளுக்கான மென்பொருள் ஒன்றுதான் அவர்கள் பிழைப்பு. அனுப்புகிறவர், பெறுகிறவர், எடை, ரசீது. அதை விண்டோஸ், மேக், லினக்ஸ் என்று மூன்று வகைக் கணினியிலும் ஓடும்படி கட்டித் தருவது அவள் வேலை. கறுப்புத் திரையில் ஒரு வரி அடித்து என்டர் தட்டினால், கோப்புறையில் கிடப்பதையெல்லாம் வாரிச் சுருட்டி மூன்று பொட்டலமாக்கிவிடும். இன்னொரு வரி அடித்தால் மூன்றும் பதிவிறக்கப் பக்கத்தில் ஏறிவிடும். அந்தத் திரை அவளுக்குப் பிடிக்கும். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும். பெரும்பாலும் காரியம் சரியாக முடிந்தால் ஒன்றுமே சொல்லாது.

அன்று பத்தேகாலுக்குப் புதிய பதிப்பை ஏற்றினாள். பதினொரு மணிக்குச் சந்தேகம் தன் நாற்காலியிலிருந்தே கேட்டார்.

"பூனை, இந்த அக்கா யாரு?"

"எந்த அக்கா?"

"பெறுகிறவர் கட்டத்துல கிளிக் பண்ணா நாலு பழைய விலாசம் கீழ விழுது. இன்னிக்குப் போட்டதுல பழசு எங்கேருந்து வந்துச்சு? நாலாவது வெறும் அக்கான்னு இருக்கு. ஃபோன் நம்பர் இல்ல. ஆனா தெரு, மாடி, கதவு நம்பர் எல்லாம் சுத்தமா இருக்கு."

அவள் எழுந்து போய்ப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையிருக்கவில்லை.

அக்காவின் இடது மணிக்கட்டு இரண்டு முறை முறிந்தது. இரண்டு முறையும் குளியலறையில் வழுக்கிவிட்டதாகச் சொன்னாள். மூன்றாவது முறை எதுவும் சொல்லாமல் ஒரே ஒரு பையோடு கிளம்பிவிட்டாள். போன இடம் தங்கைக்கு மட்டும்தான் தெரியும். "எங்கயும் எழுதாதடி. தலையில வெச்சுக்கோ" என்றாள். ஆறு மாதமாகத் தங்கை பல் விளக்கும்போதும் பஸ்ஸில் நிற்கும்போதும் அந்த விலாசத்தை உதட்டுக்குள் சொல்லிக்கொண்டேயிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை சோதனைக்காக நாலு மாதிரி விலாசம் தேவைப்பட்டது. கீழே இருக்கும் டயர் கடை. முதலாளியம்மா வீடு. பல் டாக்டர். நாலாவதை யோசிக்கும் முன்பே விரல்கள் அடித்துவிட்டன. மாதிரிக் கோப்புகள் இருக்கும் இடத்தைப் பொட்டலத்தில் சேர்க்கக்கூடாது என்று கருவிக்குச் சொல்லிவைத்திருந்தாள். ஆனால் அவசரத்துக்கு அந்தக் கோப்பை ஒரு படி மேலே நகர்த்தினாள். திரும்ப வைக்கவில்லை. எது ஊருக்கு, எது வீட்டுக்கு என்று கருவிக்கு என்ன தெரியும்? வாரிச் சுருட்டிவிட்டது.

எண்ணிக்கை கேட்டு ஒரு வரி அடித்தாள். விண்டோஸ் ஆறு பேர் இறக்கியிருந்தார்கள். மேக் இரண்டு. லினக்ஸ் பூஜ்யம்.

பூஜ்யம் என்பதைப் பார்த்ததும் மூச்சு வந்தது. அந்த எட்டுக் கடைக்காரர்களுக்கு அது யாரோ ஒரு அக்கா. லினக்ஸில் ஓட்டுகிற வாடிக்கையாளர் ஒருவர்தான். அவர் அத்தான், அக்காவின் கணவர். பார்சல் கடை வைத்திருக்கிறார். நல்ல நாளில் அவளேதான் அவரைச் சோதனைப் பதிப்பு பெறுகிறவர்களின் பட்டியலில் சேர்த்தாள். இப்போது அவரை அதிலிருந்து எடுத்துவிடலாம். ஆனால் ஏன் என்று முதலாளியம்மா கேட்பார். அதற்கு வாய் திறக்க வேண்டும்.

மூன்றையும் நீக்கும்படி அடித்தாள். இரண்டு முறை தப்பாக அடித்து மூன்றாவது முறைதான் சரியாக வந்தது. நீக்கும் வரை எத்தனை பேர் இறக்கினார்கள் என்ற கணக்கைத் திரை வரி வரியாகச் சொன்னது. ஆறு. இரண்டு. ஒன்று.

அக்காவைக் கூப்பிட்டாள். ஃபோன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அக்கா வேலை பார்ப்பது ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற கூடத்தில். ஐந்து மணி வரை ஃபோன் பெட்டிக்குள் பூட்டியிருக்கும். மறுபடி கூப்பிட்டாள். அதுவேதான்.

மேஜை மேல் வாடிக்கையாளர் உதவிக்கான ஃபோன் அடித்தது.

"சின்னவளா? புதுசு இறக்கியாச்சு. தட்டினா திறக்க மாட்டேங்குது. அந்த மந்திரத்தைச் சொல்லு."

லினக்ஸில் இறக்கிய பொட்டலம் சும்மா திறக்காது. ஓடுவதற்கு அனுமதி கொடுத்து ஒரு வரி அடிக்க வேண்டும். அந்த வரி எப்போதோ அத்தானுக்கு மனப்பாடமாகியிருக்கும். ஆனாலும் மாதம் ஒருமுறை கூப்பிடுவார். வரியைக் கேட்டுவிட்டுக் கடைசியில், "உங்க அக்கா ஏதாவது பேசினாளாம்மா?" என்பார், கடன் கேட்கிறவர் மாதிரி மெதுவாக.

அப்படியானால் இன்னும் திறக்கவில்லை.

"சொல்றேன் அத்தான்" என்றாள். குரல் எங்கிருந்தோ வந்தது. "கறுப்புத் திரையைத் திறந்துக்கோங்க."

"திறந்தாச்சு."

"ஆர். எம். ஒரு இடைவெளி. அப்புறம் அந்த ஃபைல் பேரு."

விசைகள் விழுகிற சத்தம் கேட்டது. நின்றது.

"போன தடவை சி-ல ஆரம்பிச்சுதே."

சந்தேகம் திரையிலிருந்து தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார்.

"ஆர் எம்னா அழிக்கிறதுல்ல?" என்றார் அத்தான். கோபமே இல்லை. "நானும் நாலெழுத்து படிச்சவன்தான் கண்ணு."

பொய் சொல்ல அவளுக்கு வராது. மெய்யிலேயே ஒரு துண்டைப் பிய்த்துக் கொடுத்தாள். "ஆமா அத்தான். அழிக்கிறதுதான். தப்பான ஒண்ணை ஏத்திட்டேன். மேடத்துக்குத் தெரியறதுக்குள்ள எடுக்கணும்."

"என்ன தப்பு?"

"சொல்ல வெக்கமா இருக்கு."

அவர் சிரித்தார். "நீ பொறந்ததுலேருந்து வெக்கம்தான். கல்யாணத்துல எனக்கு ஒரு டம்ளர் தண்ணி கொடுக்கவே மூணு பேரை அனுப்பினவ." நாற்காலி கிரீச்சிட்டது. சாய்ந்து உட்கார்கிறார். "சரி. உனக்கு நான் ஒரு உதவி பண்றேன். எனக்கு நீ ஒண்ணு பண்ணு. அவ எங்க இருக்கான்னு சொல்லு. இல்லேன்னா பழைய வரியைப் போட்டுத் திறந்து, என்ன தப்புன்னு நானே பாத்துக்கறேன்."

அவர் கேட்டது அவர் கைக்குக் கீழேயே இருந்தது. ஒரு வரி தூரத்தில்.

"எனக்குத் தெரியாது அத்தான்."

"அப்ப நான் திறக்கறேன்."

"அக்கா கூப்பிடுவா." வாய் தானாகப் பேசியது. "ஞாயித்துக்கிழமை. அப்ப கேட்டுச் சொல்றேன்."

நாற்காலி மறுபடி கிரீச்சிட்டது.

"ஆக, உன்கூடப் பேசறா."

சொல்லியிருக்கக் கூடாது என்று அப்போதுதான் புரிந்தது. ஒரு ஓட்டையை அடைக்கப் போய்ப் பக்கத்திலேயே இன்னொன்றைப் போட்டுவிட்டாள்.

"ஞாயித்துக்கிழமை" என்றார் அத்தான். "வாக்கு மாறக்கூடாது." ஒரு விசை விழுந்தது. "தட்டிட்டேன். ஒண்ணும் சொல்லலையே. அடுத்த வரிக்கு வந்து நிக்குது."

"ஒண்ணும் சொல்லலேன்னா ஆயிடுச்சுன்னு அர்த்தம்."

"நல்ல பழக்கம்தான். உன்னை மாதிரியே."

மாதிரிக் கோப்பை அழித்துவிட்டு மறுபடி கட்டினாள். லினக்ஸ் பொட்டலம்தான் எப்போதும் கடைசியில் முடியும். வரிகள் ஒவ்வொன்றாக மேலே ஏறுவதைப் பதினோரு நிமிடம் உட்கார்ந்து பார்த்தாள். ஏற்றினாள். நாலே நிமிடத்தில் லினக்ஸ், ஒன்று. சுத்தமானதை இறக்கிக்கொண்டார். அவளுக்கு அழுகை மாதிரி ஏதோ வந்து, வராமல் போனது.

"யாரு ஃபோன்ல?" என்றார் சந்தேகம்.

"வாடிக்கையாளர்."

"வாடிக்கையாளரை அத்தான்னா கூப்பிடுவாங்க? அப்ப நான் உனக்கு என்ன, சித்தப்பாவா?"

அவள் சிரிக்கவில்லை. அவர் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு வருடத்தில் மொத்தமாகப் பேசாததை அரைமணி நேரத்தில் அவரிடம் பேசினாள். எல்லாம் முடிந்த பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அழிச்சான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"தட்டின சத்தம் கேட்டுது."

"எதைத் தட்டினான்? ஒரு காப்பி எடுத்து வெச்சுக்கிட்டு அழிச்சிருந்தா?" அவருடைய தொழில் அது. கேட்ட பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தார். "சரி விடு. நான் ஒரு கிறுக்கன்."

ஆனால் அவள் அந்தச் சத்தத்தை மனதுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தாள். என்டர் விசை மற்றவற்றைவிடக் கொஞ்சம் கனமாக விழும். கேட்டது கனமாக இருந்ததா? ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி கேட்டது.

ஐந்து பத்துக்கு அக்கா கூப்பிட்டாள்.

"என்னடி, பத்தொம்பது தடவை கூப்பிட்டிருக்கே. யார் செத்தா?"

நடந்ததை நடந்த வரிசையில் சொன்னாள். விரல்கள் அடித்ததையும், ஞாயிற்றுக்கிழமை என்று வாய் தவறியதையும் விடவில்லை. அக்கா திட்டுவாள் என்று காத்திருந்தாள். அக்கா திட்டவில்லை. பின்னணியில் கொதிகலன் இரைந்தது. யாரோ வண்டி தள்ளிக்கொண்டு போனார்கள்.

"கத்தினானா?"

"இல்லக்கா. சிரிச்சார்."

"அழிச்சிட்டேன்னு சொன்னானா?"

"தட்டிட்டேன், ஒண்ணும் சொல்லலைன்னார்."

"அவன் கத்தற நாள்ல நான் பயந்ததில்லடி" என்றாள் அக்கா. "அமைதியா, சொன்னதையெல்லாம் கேட்டுக்கறானே, அன்னிக்குத்தான்." பிறகு, "இரு, வெக்காதே" என்றாள்.

தங்கை வைக்கவில்லை. அக்காவின் செருப்பு தெருவில் வேகமாகப் போவதைக் கேட்டாள். பிறகு படிகள். மூன்று மாடி. மூச்சு இரைத்தது. பூட்டு திறந்தது. பீரோக் கதவு.

"எங்கக்கா போவே?"

"சொல்ல மாட்டேன்."

அவளுக்கு வேண்டியதுதான். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அதுக்கில்லடி, லூசு" என்றாள் அக்கா. "ஞாயித்துக்கிழமை அவன் கூப்பிடுவான். நேர்லகூட வருவான். அன்னிக்கு உனக்கு நெஜமாவே தெரியாம இருக்கணும். உனக்குத்தான் பொய் சொல்ல வராதே."

"சரிக்கா."

"நீயும் அன்னிக்கு ரூம்ல தனியா இருக்காதே. யாராவது இருக்காங்களா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். ஐந்து மணிக்கெல்லாம் பையைத் தூக்குகிற சந்தேகம் இன்னும் போகவில்லை. ஏற்கெனவே மூன்று முறை சோதித்த பதிப்பை நாலாவது முறையாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"இருக்காங்க" என்றாள்.

அந்தப் பக்கம் பையின் ஜிப் இழுபட்டது. பாதியில் சிக்கியது. மறுபடி இழுபட்டது.