இழுக்கக்கூடாத சொல்

மஹோசா ஊர் யூதர்களின் ஜெபக்கூடத்தில் பாரசீக ராஜாவின் காவலன் ஒருவன் உருட்டுக்கட்டையோடு நிற்பான். காலை வேண்டுதலில் "இஸ்ரவேலே கேள், நம் கடவுள் ஒருவரே" என்று எவனும் வாய் திறக்கக் கூடாது. ஒளிக்கு ஒரு கடவுள், இருளுக்கு ஒரு கடவுள் என்று நம்பும் ராஜாவுக்கு அந்த 'ஒருவரே' குமட்டிக்கொண்டு வந்தது. போன ஓய்வுநாளில் கிழவர் கஹானாவின் மகன் ராபா துணிந்து சொன்னான். கடைசிச் சொல் வருவதற்குள் மண்டை பிளந்தது. முன்னால் நின்று வேண்டுதல் நடத்திய திமி வாயை மூடிக்கொண்டிருந்தான். அந்த வெட்கம் வாரம் முழுக்க அவனைத் தின்றது.

காவலன் கண்டதெல்லாம் காலை வேண்டுதல்தான். அது முடிந்ததும் எதிரே கள்ளுக்கடைக்குப் போய்விடுவான். ஓய்வுநாளில் அதற்குப் பின் இன்னொரு வேண்டுதல் உண்டென்று அந்தத் தடியனுக்கு யார் சொல்வது? அதில், எல்லோரும் கால் சேர்த்து நின்று 'பரிசுத்தர்' என்று பாடும் இடத்தில், அந்த வரியைச் செருகிவிடத் திமி முடிவு செய்தான்.

"பெரியவரே, முணுமுணுன்னு சொல்லி முடிச்சிடணும். கடைசிச் சொல்ல மட்டும் இழுத்துடாதீங்க" என்று வாசலில் கஹானாவிடம் கெஞ்சினான்.

"இழுத்தாத்தான் ஆயுசு நீளும்னு நீதானேப்பா ஊருக்கெல்லாம் சொல்லுவே?"

"இப்ப இழுத்தா ஆயுசே போயிடும்."

"எம் பையன் முடிக்காமலே போனான். நான் அரைகுறையா சொல்லமாட்டேன். பயமா இருந்தா நீ காதப் பொத்திக்கோ."

காவலன் போனதும் திமி வரியைச் செருகினான். கூட்டம் முணுமுணுத்தது. கஹானா கையால் கண்ணை மூடிக்கொண்டு அந்த ஒரு சொல்லை இழுத்தார், தெருவெல்லாம் கேட்கும்படி இழுத்தார்.

காவலன் வாயைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்தான். முதல் அடியிலேயே கிழவரின் தாடை தொங்கியது. விழுந்தவரையும் அவன் விடவில்லை. எலும்பு நொறுங்கும் சத்தம் பின்வரிசை வரை கேட்டது. பாவி, கை ஓயும்வரை அடித்தான். அதற்கு வெகு முன்பே கஹானாவின் உயிர் போயிருந்தது.

"எவன்டா இந்த வரிய இங்க கொண்டாந்து வச்சவன்?"

திமி அவன் எதிரே போய் நின்றான். "நான்தான்" என்றான். கட்டை அவன் வாயில் இறங்கியது. பற்களைத் துப்பிவிட்டு, ரத்தத்தோடு அடுத்த வரியைத் தொடங்கினான். கூட்டமும் சேர்ந்துகொண்டது. அவ்வளவு பேரை ஒருவனாக என்ன செய்வான்? காவலன் ஆள் கூட்டிவர ஓடினான். அவன் திரும்புமுன் கூட்டம் வேண்டுதலை முடித்துக் கலைந்தது.

சில வருடங்களில் அந்த ராஜா ஒழிந்தான், தடையும் ஒழிந்தது. வரி காலை வேண்டுதலுக்கே திரும்பி வந்தது.

"அதான் காலையிலயே சொல்லிடறோமே, மறுபடி இந்த ரெண்டாவது வேண்டுதல்ல எதுக்கு? எடுத்துடுங்களேன்" என்றார் ஊர்த் தலைவர்.

திமி பல்லில்லாத வாயால் சொன்னான்: "கஹானாவ எழுப்பிக் கூட்டிட்டு வாங்க. எடுத்துடறேன்."