முன்யேக்கா

என் வீட்டுக்காரருக்கு ஸ்பானிஷ் தெரியும். அப்படித்தான் அவர் சொல்லிக்கொள்வார். நூறு வார்த்தை படித்ததும் பொம்மைத் தொழிற்சாலை முதலாளி முன்னால் போய் நின்றார். அங்கே பாதிப் பேர் எங்களைப் போல் பிழைக்க வந்த தமிழர்கள், பாதிப் பேர் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை, இவரை மேற்பார்வையாளர் ஆக்கிவிட்டார்கள். அன்றிலிருந்து வீட்டில் தண்ணீர் கேட்பதுகூட ஸ்பானிஷில்தான். நான் அதே கூடத்தில் பொம்மைகளுக்குக் கண் பொருத்துகிறேன்.

பக்கத்து மேசையில் முடி தைப்பவளை வளையல்காரி என்போம். வலது கை வெள்ளி வளையலைக் கழற்றவே மாட்டாள். ஸ்பானிஷ் தவிர வேறு பேச்சு அவளுக்கு வராது. திங்கட்கிழமை காலை, பெட்டி எடுக்கக் கிடங்குக்குப் போனவள் வலது கையை இடது கையால் தாங்கிக்கொண்டு நேராக இவரிடம் வந்தாள்.

"முன்யேக்கா," என்றாள். "ரோத்தா."

இவர் முகம் மலர்ந்துவிட்டது. இரண்டும் படித்த வார்த்தைகள்.

"பொம்மை உடைஞ்சு போச்சாம்," என்று நான் கேட்காமலே எனக்கு விளக்கினார்.

அவள் அழுதுகொண்டே அதையே திரும்பச் சொல்லிக் கையை நீட்டினாள். தினம் நூறு பொம்மை உடையும் இடத்தில் ஒன்றுக்காக ஒருத்தி ஏன் அழ வேண்டும்? பண்டிதருக்கு அது தோன்றவில்லை. பெருந்தன்மையாக ஒரு புதுப் பொம்மையை எடுத்து, நீட்டிய அந்தக் கையிலேயே வைத்தார். பொம்மை கீழே விழுந்தது.

"ஒழுங்கா புடிக்க மாட்டியா?" என்று திட்டினார். அது மட்டும் தமிழில்.

இரண்டு நாள் இடது கையால் முடி தைத்தாள். மூன்றாம் நாள் வரவில்லை. கிடங்கில் வழுக்கி விழுந்து எலும்பு முறிந்ததென்றும், மருத்துவமனையில் வளையலை வெட்டி எடுத்துக் கட்டுப் போட்டார்களென்றும் சேதி வந்தது. முதலாளி இவரிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார்.

வீட்டில் உட்கார்ந்து எழுதினார்: 'அடிபட்டதாக அந்தப் பெண் சொல்லவில்லை. பொம்மை உடைந்ததாகவே சொன்னார்.' கீழே சாட்சிக்கு என் பெயர். இது முதலாளி கைக்குப் போனால், அவள் வெளியில் எங்கோ விழுந்தாள் என்று வேலையை விட்டே அனுப்பிவிடுவார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க நானும் கை கொடுக்க வேண்டுமாம்.

அவர் ஸ்பானிஷ் படித்த புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். முன்யேக்கா: 1. பொம்மை. 2. மணிக்கட்டு. முதல் அர்த்தத்துக்கு மட்டும் சிவப்புக் கோடு.

"ஒரு வார்த்தைக்கு ரெண்டு அர்த்தம் வச்சா நான் என்னடி பண்றது? என்ன பாஷையோ!"

"நம்ம 'படி'க்கும் ரெண்டு அர்த்தம்தான். படியில பாத்து ஏறுங்கன்னா புத்தகத்தையா தொறப்பீங்க? கைய நீட்டினாளே, அதுக்கு எத்தனை அர்த்தம்?"

"பெருசா பேசுற. நீயும் பக்கத்துலதானே இருந்தே? நீ ஏன் கேக்கல?"

அந்த வளையல் வீங்கிய சதைக்குள் புதைவதை இரண்டு நாள் பார்த்தவள் நான். ஒரு பொம்மைக்குப் போய் இப்படியா என்று மனதுக்குள் சிரித்தவளும் நான்தான். வீட்டில் இவர் பேச்சை ஒரு காசுக்கு மதிக்காத நான், அன்றைக்கு மட்டும் நம்பிவிட்டேன். வெட்கமாக இருந்தது.

பேனாவை வாங்கி அவர் எழுதியதை அடித்தேன். 'மணிக்கட்டு உடைந்தது என்றுதான் சொன்னார். கையையும் காட்டினார். நாங்கள் இருவரும் பார்த்தோம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"இருவருமா?" என்றார்.

"ரெண்டு பேரும்தான்," என்றேன்.